கம்பளிக்குள் பிடித்த விரல்

எங்கள் தங்கமான மாப்பிள்ளை செல்வராசுவுக்கு,

போன வெள்ளிக்கிழமை நம் வெள்ளகோவில் வீட்டில் இருந்தது நான், என் மகள் சரசு, உங்கள் பெண் கவிதா, என் அண்ணன் கந்தசாமி. ஐந்தாவது ஆள், காஷ்மீரில் உங்களோடு பட்டாளத்தில் இருந்த கோபி ஊர்க்காரர் முருகேசன். ஜீப் கவிழ்ந்து நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறதே, லீவில் வந்தவர் உங்கள் படத்துக்கு மாலை போட வந்தார்.

அண்ணனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏனுங்க தம்பி, எங்க மாப்பிள்ளை துப்பாக்கியவே தொட்டதில்லையாமா? டீக்கடையில பேச்சுக் குடுத்துச் சேதி புடிச்சுட்டு உக்காந்திருக்கறதெல்லாம் ஒரு பட்டாளமுங்களா?"

முருகேசன் டம்ளரைக் கீழே வைத்தார். "எதிரி எத்தன பேரு, எந்த வழியா வாரான்னு தெரியாட்டி பட்டாளம் கண்ணக் கட்டீட்டு நடக்கற மாதிரிங்க. எங்களுக்குக் கண்ணே அவருதானுங்க."

அப்புறம் அந்தச் சங்கதியைச் சொன்னார். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவருக்குச் சேதி தெரியும். சந்தையில் சுற்றிலும் ஆட்கள் பார்க்கிறார்கள், வாய் திறந்தால் உயிர் போகும். நீங்கள் ஆடு வாங்க வந்தவர்போல அவர் கம்பளிக்குள் கையை விட்டீர்களாம். முன்பே பேசிவைத்தபடி அவர் உங்கள் விரல்களைப் பிடித்து அழுத்தினாராம். முதலில் பதுங்கியிருப்பது எத்தனை பேர், பிறகு எத்தனையாவது பாலத்தில் என்று. மறுநாள் அந்தப் பாலத்தை விட்டுச் சுற்றிப்போன பதினோரு பேரில் முருகேசனும் ஒருவர்.

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேச உங்களைப் பழக்கிவிட்டது நான்தானே? ஒரு லீவில் பொழுதுக்கும் வியாபாரிகளிடம் கை கொடுத்துவிட்டு, ஒரு கன்றுகூடப் பிடிக்காமல் வந்தீர்கள்.

"வெல கேட்டே பொழுதப் போக்கிப்போட்டீங்களே!" என்று ஊர் பார்க்கத் திட்டினேன்.

"பழகிக்கறனுங்க அத்தை" என்று சிரித்தீர்கள். எதற்கென்று நான் கேட்டேனா? கேட்டிருந்தால்தான் சொல்லியிருப்பீர்களா?

பதினோரு பேர் லீவுக்கு வீடு வருகிறார்கள். அதில் எனக்கும் ஒரு பங்கு வைத்துவிட்டுப் போனீர்கள். நீங்கள் நல்லா இருக்கோணும் மாப்பிள்ளை, எங்கே இருந்தாலும்.

அந்தப் பெரியவர் உயிரோடு இருக்கிறாரா? கேட்டேன். முருகேசன் எழுந்துபோய் உங்கள் படத்து மாலையைச் சரிசெய்தார்.

அவர் பஸ் ஏறியதும் அண்ணன், "இதெல்லாம் கட்டுக்கதை" என்றார். சரசு உள்ளே போய் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் ஒன்றும் நடக்காததுபோல, என் செவலை மாட்டுக்கு விலை பேசத் துண்டை நீட்டினார். நான் கையைக் கொடுக்கவில்லை.

வரும் சந்தைக்குக் கவிதாவைக் கூட்டிப்போகிறேன். துண்டுக்குள் அவள் விரலைப் பிடித்து, உன் அப்பன் பதினோரு உயிரைக் காத்தது இப்படித்தான் கண்ணு என்று சொல்லிக்கொடுப்பேன். இது சத்தியம்.

உங்கள் அத்தை,
நாச்சாயி.
இனிமேல் கந்தசாமிக்குத் தங்கச்சி இல்லை.