பின்னுக்கு வச்ச முள்

என் ராசாவுக்கு,

ஏங்க, ஒரு தப்புப் பண்ணிட்டேன். கோவிச்சுக்காதீக.

நீங்க போன மறுநாளே உங்க வாட்சும் நின்னுருச்சு. மககிட்டக் குடுத்து அல்லிநகரத்துக் கடைக்கு அனுப்புனேன். "ஏம்மா, சாவி குடுக்கணுமாம், அம்புட்டுத்தேன். முப்பது வருசம் கூட இருந்தியே, இது தெரியாதா?"ன்னு வந்து நின்னா. நீங்க தினமும் குளிச்சுட்டு வந்து திருகுறதப் பாத்திருக்கேன். ஆனா, நீங்க திருகலன்னா அது நின்னுபோகும்னு எனக்குத் தோணவே இல்ல.

"இது ஆயுசுக்கும் ஸ்லோவாத்தான் ஓடுச்சு, செல்போனப் பாத்துச் சரியா வையி"ன்னு நாந்தான் சொன்னேன். அவளும் வச்சுட்டா.

பதினாறாம் நாளு, நீங்க கண்டக்டரா போன பஸ்ஸ ஓட்டுன டிரைவரண்ணே வந்தாக. என் கையில கெடந்த வாட்சப் பாத்துட்டு, "இது எப்பருந்தும்மா சரியான மணி காட்டுது?"ன்னாக. எனக்குப் புரியல. "அவரு சாவி குடுக்குறப்பவே முள்ளப் பின்னுக்குத் தள்ளி வச்சுருவாரும்மா. குச்சனூர் ஸ்டாப்புல பின்னாடி வர்ற பஸ்ஸுக்காரன் 'நேரமாச்சு, எடு'ன்னு சண்டைக்கு வந்தா, கைய நீட்டி 'எங் கடியாரத்துல இன்னும் நேரமிருக்கு'ம்பாரு. எல்லாம் நீ ஓடி வரணுமேன்னுதான்"னு சொன்னாக.

அடப்பாவி மனுசா! குச்சனூர்லருந்து தேனி ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போன அந்த நாள்ல, தூக்குச்சட்டியோட கடைசி ஆளா நாந்தான ஏறுவேன். நம்ம நல்ல நேரம், பஸ்சு தினமும் லேட்டுன்னுல்ல நெனச்சேன்! கல்யாணமாகி, வேலைய விட்டு நின்ன பொறகும் முள்ள ஏன் மாத்தல? "ஒரு வாட்ச ஒழுங்கா வைக்கத் தெரியல"ன்னு எத்தன தடவ ஏசியிருப்பேன். சிரிச்சுக்கிட்டேதான இருந்தீக. ஒரு வார்த்த சொன்னா என்னவாம்?

எத்தன நிமிசம் பின்னால இருக்கும்னு அண்ணேகிட்டக் கேட்டேன். "அஞ்சோ ஆறோ, யாரு கண்டா"ன்னுட்டாக. எனக்காக நீங்க வச்சிருந்த நேரத்த நானே அழிச்சுட்டேனே. அன்னைக்குத்தான் வாய்விட்டு அழுதேன்.

போன சனிக்கிழம குச்சனூர் போனேன். ரோடு பூராவும் கோயிலுக்கு வந்த கூட்டம். எங்கம்மா வீட்டு வாசல்ல மணி பாத்துட்டு ஸ்டாப்பு வரைக்கும் நடந்தேன். அப்ப ஓடுனவ, இப்ப முட்டியப் புடிச்சுக்கிட்டு நடக்குறேன். ஒம்போது நிமிசம் ஆச்சு. முள்ள ஒம்போது நிமிசமே பின்னுக்கு வச்சுட்டேன்.

இப்பக் காலையில குளிச்சதும் நாந்தான் சாவி குடுக்குறேன். உங்கள மாதிரியே கையிலருந்து கழட்டி வச்சுத்தான் திருகுறேன். இறுகுனதும் விட்டுருவேன், பயப்படாதீக. "மணி தப்பும்மா"ங்குறா உங்க மக. இருந்துட்டுப் போகட்டும்.

ஒரு நாளும் மறக்காமச் சாவி குடுப்பேன், சத்தியமா. நீங்க மட்டும் விசில ஊதிராதீக. அங்கனயே நில்லுங்க, வந்துக்கிட்டே இருக்கேன்.

கடைசி ஆளா ஏறுற
உங்க பொஞ்சாதி