நிற்கிற வீடு

மார்ச் 3

மகள் கெடு வைத்துவிட்டாள். நான் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் கம்பி வைத்து மூன்று மாதம் ஆகிறது. "இந்த மாசக் கடைசிக்குள்ள பகல்ல கூட இருக்க ஒரு ஆள் வரணும். இல்லன்னா வீட்டைப் பூட்டிட்டு எங்கூட வந்துடும்மா." அங்கே எனக்கென்று ஓர் அறை உண்டு. அதில் பாதி இஸ்திரி மேசைக்கு.

ஓர் ஆளைத் தேர்ந்தெடுப்பது என்ன பெரிய வித்தையா?

மார்ச் 6

ஏஜென்சியிலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். நான் படித்த கான்வென்டில் மதர் எங்களைச் சோதித்த முறையிலேயே சோதித்தேன். நகம் பார்த்தேன். பத்து வரி சொல்லி எழுத வைத்தேன். கடைசியில் கைக்குட்டையைக் கீழே போட்டு, எடுத்துத் தருகிறாளா என்று கவனித்தேன். முதலாமவள் கையெழுத்து கோழி கிளறியது போல. இரண்டாமவள் நகத்தில் நீலச் சாயம். மூன்றாமவள், ஐம்பது வயதிருக்கும், எல்லாவற்றிலும் தேறினாள். ஆனாலும் "யோசித்துச் சொல்கிறேன்" என்றே அனுப்பினேன். உடனே சரியென்றால் இளக்காரமாகிவிடும் அல்லவா!

மார்ச் 9

மூன்றாமவளை அனுப்பச் சொல்லிப் போன் செய்தேன். ஏஜென்சிக்காரி இழுத்தாள். "அவங்க வரலேன்னுட்டாங்கம்மா."

வேறு வேலை கிடைத்துவிட்டதா?

"இல்லம்மா. சும்மாதான் இருக்காங்க."

சும்மா இருக்கிறாளாம்! என்னிடம் வருவதைவிட அது மேல்!

மார்ச் 12

பொறுக்கவில்லை. காரணம் கேட்டேன்.

"கோவிச்சுக்காதீங்க. நாப்பது நிமிஷம் நிக்க வெச்சீங்களாம். எதிர்லயே நாற்காலி காலியா கிடந்துச்சாம். முதல் நாளே உக்காரச் சொல்லாதவங்க அப்புறம் எப்ப சொல்லப் போறாங்கன்னு கேக்குறாங்க. மத்த ரெண்டு பேரும் அதேதான். எங்க ஆளுங்க நடுவுல உங்க வீட்டுக்கு இப்ப 'நிக்கிற வீடு'ன்னே பேரு."

கூடத்தில் இருப்பதே இரண்டு நாற்காலி. ஒன்று என்னுடையது. மற்றது அவருடையது; அவர் போன பிறகு ஒன்பது வருடமாக யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. எனக்கு அது காலி நாற்காலியே இல்லை. வந்தவளுக்கு அது எப்படித் தெரியும்? சொன்னேனா? நான் ஏன் சொல்வேன் — மகாராணி!

அவர்களுக்குப் பரீட்சை வைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதியது நான். மூன்று தாளிலும் முட்டை.

மார்ச் 20

மகளின் போன். இஸ்திரி மேசையை நகர்த்தி எனக்குக் கட்டில் போட்டுவிட்டாளாம்.

மார்ச் 24

ஏஜென்சிக்காரியைக் கெஞ்சி — இல்லை, வற்புறுத்தி — மூன்றாமவளை வரவழைத்தேன். பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டு, ஒன்பதே முக்காலிலிருந்து கைத்தடியோடு வாசலில் நின்றது நான்.

"இது எங்க வீட்டுக்காரர் நாற்காலி. அன்னிக்கே சொல்லியிருக்கணும். உக்காருங்க."

"அது இருக்கட்டும்மா." சமையலறை முக்காலியைத் தானே எடுத்துவந்து உட்கார்ந்தாள். பிறகு கேள்விகளும் அவளுடையவைதான்.

"கோவம் வந்தா கத்துவீங்களா, பேசாம இருப்பீங்களா?"

பேசாமல் இருப்பேன் என்றேன்.

"அதுக்குக் கத்துறதே தேவலாம்."

அந்த நேரம் பார்த்து மடியிலிருந்து கைக்குட்டை நழுவியது. சத்தியமாகத் தானாகத்தான். இருவரும் அதைப் பார்த்தோம்.

"இன்னிக்கும் பரீட்சையா?"

"இல்ல. இடுப்பு வளையாது."

எடுத்துத் தந்தாள். எழுந்து, முக்காலியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றேம்மா" என்று போய்விட்டாள்.

மார்ச் 28

இன்னும் யோசிக்கிறாள். என்ன ராங்கி!

மார்ச் 31

பெட்டி கட்டியாயிற்று. ஒன்பது மணிக்கே அழைப்பு மணி. மகள் சீக்கிரம் வந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவளிடம்தான் சாவி இருக்கிறதே, மணி எதற்கு?

ஏப்ரல் 14

மகள் பார்க்க வந்தாள். இஸ்திரி மேசை பழைய இடத்துக்கே போய்விட்டதாம். கூடத்துக்குள் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அப்பாவின் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்து, என் ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள் அந்த அம்மாள். முக்காலியில் முதுகு வலிக்கிறது என்றாள், நான்தான் இழுத்துப் போட்டேன். அதை இத்தனை பெரிய கண்ணோடு பார்க்க வேண்டுமா?

இருந்த நேரமெல்லாம் மகள் நின்றுகொண்டே பேசினாள். இன்னொரு நாற்காலி வாங்க வேண்டும்.