பிடி விடாத கிண்ணம்

டாக்டரம்மா,

இந்த மடலில் நான் எழுதப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று அண்ணாமலையார் சாட்சியாக உறுதி கூறுகிறேன். நம்பியிருக்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள். நீங்களும் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

இன்று காலை கீழ்பென்னாத்தூரில் பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்துக் கடையில் புதுக் கடலை எண்ணெயில் போண்டா வெந்துகொண்டிருந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும், செங்கம் சாலையில் இருந்த உங்கள் பிரசவ ஆஸ்பத்திரியின் பின்புறத் தாழ்வாரம் கண்முன் வந்துவிட்டது. நின்றது நின்றபடி இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டேன். வீட்டில் பதினேழு என்று சொல்லியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் பம்புசெட் மெக்கானிக். வடாற்காட்டில் தண்ணீர் கிணற்றை விட்டு மேலே வருவதே என் முகத்துக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்த காலம். உங்கள் ஆஸ்பத்திரியின் காற்று உறிஞ்சும் மெஷின் நின்றுபோனதென்று கூப்பிட்டு அனுப்பினீர்கள். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அது பயந்து ஓடத் தொடங்கியது. வேலை முடிந்ததும் ஓர் உலோகக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தீர்கள். தாய்க்கு முக்கிப் பெறத் தெம்பில்லாதபோது குழந்தையின் தலையில் இதைப் பொருத்தி, காற்றை உறிஞ்சி, மெல்ல இழுப்பதாக விளக்கினீர்கள். சில பிள்ளைகளின் தலையில் காயம் படுகிறதாம். மிருதுவான ரப்பரில் செய்ய முடியுமா என்று கேட்டீர்கள்.

“பிடிக்கவும் வேணும் மாமா. ஜாஸ்தி இழுத்தா தானா விட்டுடவும் வேணும்.”

ஊரே என்னை மாமா என்றதால் நீங்களும் மாமா என்றீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே மலையைக் கூட ரப்பரில் செய்து தந்திருப்பேன்.

எட்டு மாதம், ஞாயிறு தவறாமல் சோதனை. லாரி ட்யூபை வெட்டி இரும்புச் சட்டத்தில் மாட்டினால் அது பிறப்பு வழி. மழமழவென்று சீவிய தேங்காய்மேல் ஆட்டுத்தோலைச் சுற்றினால் அது குழந்தையின் தலை. கயிற்றின் முனையில் ஸ்பிரிங் தராசு, அதில் நீங்கள் போட்ட சிவப்புக் கோடு. முள் அந்தக் கோட்டைத் தொட்டால் கிண்ணம் கழன்றுவிட வேண்டும். இழுக்கிறவர் எழுதக்கூடாது என்பது உங்கள் சட்டம். நான் இழுப்பேன், நீங்கள் எழுதுவீர்கள். வழுக்கிக்கொண்டு வரத் தேங்காய்க்குக் கடலை எண்ணெய் தடவியது மட்டும் என் யோசனை. எங்கள் பக்கத்தில் கதவு கிறீச்சிட்டாலும் அதுதானே மருந்து?

முதலில் செய்த ரப்பர் கிண்ணங்கள் கோட்டருகே வந்ததும் கழன்றன. நீங்கள் கேட்டது அதைத்தான் என்றாலும் எனக்கு அவமானமாக இருந்தது. பம்பு மெக்கானிக்குக் காற்று விடுகிற வாஷர் குடும்பக் கௌரவப் பிரச்சினை. ஒரே கிண்ணத்தைத் திரும்பத் திரும்ப எண்ணெயில் சோதித்தோம். ஒரு ஞாயிறு முள் கோட்டைத் தாண்டியும் அது விடவில்லை. நான் தாழ்வாரத்தில் ஆடிய ஆட்டத்தைப் பார்க்கக் கிரிவலக் கூட்டமே திசைமாறி வந்தது. நீங்கள் சிரிக்காமல் எழுதிக்கொண்டிருந்தீர்கள்.

அக்கா மகள் வசந்தா அப்போது நிறைமாதம். உன் பிள்ளைதான் என் கிண்ணத்தில் முதலில் வரப்போகிறது, ரதத்தில் வருகிற மாதிரி வரும் என்று அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். அவளும் நம்பினாள்.

வேலூரிலிருந்து மூன்று டாக்டர்கள் கிண்ணத்தைப் பார்க்க வந்தார்கள். நான் பட்டு வேட்டியில் போனேன். நீங்கள் அவர்கள் எதிரிலேயே நோட்டைத் திறந்து, எண்ணெயில் ஊறி ரப்பரின் விளிம்பு இளகிவிட்டது, அதனால்தான் இப்படிக் கவ்வுகிறது, புதுக் கிண்ணத்தை எண்ணெயில்லாமல் தனியாகச் சோதித்துப் பார்த்தேன், அது கோட்டிலேயே கழன்றுவிட்டது என்றீர்கள்.

“விடவேண்டிய இடத்துல விடாத கிண்ணம் என் டேபிளுக்கு வராது.”

கிண்ணம் பிழை என்பதல்ல என் வருத்தம். அந்தச் சோதனையை நீங்கள் செய்து நான்கு நாள் ஆகியிருந்தது. நான்கு நாளும் என் கையால் டீ வாங்கிக் குடித்தீர்கள். பட்டு வேட்டியை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறேன் என்று பெருமையடித்தபோதும் தலையாட்டினீர்கள். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பதைத் தவிர இதற்கு எங்கள் ஊரில் வேறு பெயர் கிடையாது. வந்தவர்கள் போனபின் ஏன் என்று கேட்டேன்.

“முன்னாடியே சொன்னா, சரிபண்ணிட்டேன்னு வந்து நிப்பீங்க. உங்க பேச்சுக்கு நானே மயங்கிடுவேன் மாமா. உள்ள இருக்கிற குழந்தைக்கு உங்க பேச்சு கேக்காது.”

நீங்கள் சொன்னது நியாயம்தான். ஆனால் ஒரு தரம் என்னிடம் தனியாகச் சொல்லிப் பார்த்திருக்கலாம். நான் கேட்டிருப்பேன். கேட்டிருக்கமாட்டேன் என்று நீங்களே முடிவுசெய்துவிட்டீர்களே, அதைத்தான் இத்தனை வருடமாகியும் என்னால் விழுங்க முடியவில்லை.

பத்து நாளில் வசந்தாவுக்கு வலி கண்டது. மதியம் தாண்டியும் பிள்ளை இறங்கவில்லை. வாசலில் நின்று, என் கிண்ணம் இருந்திருந்தால் என்று எல்லோர் காதிலும் விழும்படி புலம்பினேன். உள்ளே நீங்கள் பழைய உலோகக் கிண்ணத்தைப் பொருத்தி, இரண்டு தரம் மெல்ல இழுத்து எடுத்தீர்கள். அன்று பிறந்த அழுகை செங்கம் வரை கேட்டது, கண்ணாடிகள் விரிசல் விட்டன, மழை வந்தது என்று இன்றும் ஊரில் சொல்கிறேன்.

மழை வரவில்லை. இந்த மடலில் முக்கால்வாசிக்கு என் கைச்சரக்கு சேர்ந்திருக்கிறது. ஒன்றே ஒன்று மட்டும் நடந்தது நடந்தபடி. வியர்த்த முகத்தோடு கதவைத் திறந்து, துணியில் சுற்றிய பிள்ளையை முதலில் என்னிடம் நீட்டி, “மாமா, பொண்ணு. தலையில ஒரு கீறல் இல்ல” என்றீர்கள். நான் வாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீட்டிய கையோடு நீங்கள் கொஞ்ச நேரம் நின்றீர்கள்.

அது நிஜம்.