லைனை நிறுத்திய ராஜேஸ் அக்காவுக்கு

என் அன்பு ராஜேஸ் அக்கா,

உங்கள் முதலாண்டுத் திதிக்குப் பண்டமாரானில் இருக்கும் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். உங்கள் வீட்டுக்கார அண்ணன் உங்கள் படத்துக்கு மாலை போட்டார்.

நம் மின்விசிறித் தொழிற்சாலைக்கு அந்த ஜப்பானிய முறை வந்தது நினைவிருக்கிறதா? வீண்வேலையைத் தேடித் தேடிக் குறைக்க வேண்டும் என்றார்கள். விசிறி பூட்டும் லைனுக்கு மேலே கயிறு கட்டி, பழுதைப் பார்க்கிற யாரும் இழுத்து நிறுத்தலாம் என்றார்கள். யாருக்குத் துணிச்சல் வந்தது? பழுதான விசிறிகளைக் கடைசியில் குவித்துவைத்து, சாயங்காலம் ஓவர்டைமில் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தோம்.

நீங்கள்தான் முதலில் இழுத்தீர்கள். சூப்பர்வைசர் ஓடிவந்தார்.

"யாரு நிறுத்தினது? இன்னிக்கு டார்கெட் போச்சு லா!"

"நான்தான் பாஸ். றெக்கை எல்லாம் கோணலா வருது. இதை மாட்டி, அப்புறம் கழட்டி, யாருக்கு என்ன லாபம்?"

அவர் ஒரு றெக்கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். றெக்கை வார்க்கும் அச்சு தேய்ந்திருந்தது, மாற்றினார்கள். பழுதுக் குவியல் குறைந்து, பிறகு இல்லாமலே போனது.

அதோடு ஓவர்டைமும் போனது. அதை நாம் யாருமே யோசிக்கவில்லை. "அவங்க நல்ல பேரு வாங்கிட்டாங்க, நம்ம வயித்துல அடிச்சிட்டாங்க" என்று கேண்டீனில் உங்கள் காதில் விழும்படியே பேசினார்கள். நீங்கள் சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தீர்கள். "தப்பு பண்ணிட்டேனா சரோஜா?" என்றீர்கள்.

மறுவாரம் என்னையும் கூட்டிக்கொண்டு மேனேஜரிடம் போனீர்கள். அவரும் நம்மைப்போலத் தமிழர்தான், ஆனாலும் உட்காரச் சொல்லவில்லை.

"வீணாப் போனது இப்ப மிச்சமாகுது சார், சந்தோஷம். அந்த மிச்சத்துல எங்களுக்கும் பங்கு வேணும். இல்லன்னா அந்தக் கயித்தை இனி யாரும் தொட மாட்டாங்க."

பல வாரம் இழுத்தடித்து, சம்பளத்தோடு ஒரு படித்தொகை சேர்த்தார்கள். ஓவர்டைம் அளவுக்கு வராது. ஆனால் வெளிச்சம் இருக்கும்போதே வீடு போய்ச் சேர்ந்தோம். முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் ஒவ்வொருவராக உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

அந்த மாலைப்பொழுதுகள் உங்களுக்குக் கொஞ்சநாள்தானே வாய்த்தன? உடம்பு வலியை ஏன் அக்கா எங்களிடம் சொல்லவில்லை?

இங்கே ஒரு செய்தி. இரண்டு லைனை ஒன்றாக்கப் போகிறார்களாம். என்னை லைன் லீடர் ஆக்கியிருக்கிறார்கள். ஆனால் யார் யார் வேண்டாம் என்று என்னிடமே பேர் கேட்கிறார்கள். "மிச்சமாகிற ஆளுக்கு வேற வேலை குடுங்க சார். வீட்டுக்கு அனுப்பத்தான் பேர் வேணும்னா, என் பேரை முதல்ல எழுதிக்குங்க" என்று திங்கட்கிழமை சொல்லப்போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுவேன் அக்கா, சத்தியமாக.

உங்கள் பக்கத்து நாற்காலித் தங்கை,
சரோஜா
கிள்ளான்