லெட்சுமி ஒட்டிய மரங்கள் புளித்த வருடம்

லெட்சுமி மச்சாள்,

உனக்கு எழுதும் முதல் கடிதத்தில் நல்ல செய்தி சொல்லவேண்டும் என்றுதான் இத்தனை நாள் பேசாமல் இருந்தேன். முடியவில்லை. நீ உன் கடைசி வருடத்தில் ஒட்டிக் கொடுத்த மாமரங்கள் இந்த முறை காய்த்தன. அத்தனையும் புளி. பல் கூசுகிற புளி.

துணுக்காய்ப் பக்கம் எந்தப் பெண்பிள்ளை பெரியபிள்ளையாகிச் சாமத்திய வீடு என்றாலும் நீ காசு போட்ட கவர் கொண்டுபோனதில்லை. நீ ஒட்டிய கறுத்தக்கொழும்பான் மாங்கன்று ஒன்றை இடுப்பில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு போவாய். அந்தப் பிள்ளையின் கையாலேயே அதை வீட்டு வளவில் நடுவிப்பாய். அன்றிலிருந்து அது அவளுடைய மரம். ‘லெட்சுமிக்குக் கைராசி’ என்று எல்லோரும் சொல்வார்கள். காது கேளாதவள் போல நீ நிற்பாய். உள்ளுக்குள் எவ்வளவு பூரிப்பு என்று எனக்குத் தெரியாதா?

முதலில் வந்தவள் வசந்தி. அவளுடைய மகள் கீர்த்தனா இப்போது உயர்தரம் படிக்கிறாள். “அக்கா, குறை நினையாதேங்கோ. லெட்சுமியக்கா தந்த மரம் காய்ச்சிருக்கு. கறிக்குத்தான் போடலாம்” என்றாள். பிறகு இன்னொரு வீடு, இன்னொரு வீடு என்று கதை வந்தது.

எங்கள் ஒழுங்கையில் இருக்கிற பரமேசுவைத்தான் உனக்குத் தெரியுமே. சங்கக் கடையில் நாலு பேர் நிற்கிற இடத்தில் சொன்னாள்: “சாகப்போற கையால ஒட்டினதெல்லோ. அந்தக் கை வேற என்னத்தைத் தரும்?”

நான் பையைக் கீழே வைத்தேன். சண்டை பிடிக்கத்தான். ஆனால் எதைச் சொல்லிப் பிடிப்பது? காய் புளிக்கிறதே. பையைத் தூக்கிக்கொண்டு நேரே உன் வளவுக்குப் போனேன். அழுதுகொண்டுதான் போனேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

நீ ஒட்டுக் கொப்பு எடுக்கிற தாய்மரத்தை அந்த வருடம் யானை வந்து பாதியாக முறித்தது அல்லவா? அடியில் நீ குவித்த எருவையும் சருகையும் கையால் விலக்கினேன். ஒட்டு வீங்கிய இடம் தெரிந்தது. அதற்கு ஒரு சாண் கீழே, புளிமாங்கன்றாக இருந்த அடிமரத்திலிருந்து, ஒரு கிளை கொழுத்து எழும்பி நிற்கிறது. அதன் இலையைக் கசக்கி மணந்தேன். மேலே நிற்கிற பழைய கொப்பின் இலையையும் கசக்கி மணந்தேன். இரண்டும் ஒன்றில்லை.

அந்த வருடம் உன் கால்கள் வீங்கியிருந்தன. கிட்னி வருத்தம் என்று மாங்குளத்துக்கும் வவுனியாவுக்கும் அலைந்தாய். ஏணியைக் கொண்டுவரவா என்று கேட்டதற்கு, “வேணாம் புள்ள, கைக்கு எட்டுறதே நல்லா கொழுத்து நிக்குதே” என்றாய். கைக்கு எட்டியது எல்லாம் புளிமா. உன் கையில் பிழையில்லை மச்சாள். கொப்பில்தான் பிழை. உனக்கே உன் கைராசியில் அவ்வளவு நம்பிக்கை, இலையை மணந்து பார்க்கத் தோன்றவில்லை. உயிரோடு இருந்திருந்தால் நல்லாய்ப் பேசியிருப்பேன்.

புளித்த மரங்களைத் தறித்துவிட்டு வேறு கன்று வைக்கலாம் என்றார்கள் வீட்டுக்காரர்கள். நான் மாட்டேன் என்றேன். அடி நல்ல அடி. தலையை வெட்டிவிட்டு, துளிர்க்கிற தளிர்களில் உண்மையான கொழும்பானை ஒட்டினால் போதும். வசந்தி வீட்டில்தான் தொடங்கினேன். தேயிலைத் தோட்டத்தில் உன் அப்பா கவ்வாத்து வெட்டிய கத்தியை உன் வீட்டில் கேட்டு வாங்கிப் போனேன். அதைக் கண்டதும் வசந்தி மரத்துக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

“பிள்ளை சோதினை எழுதுற வருசம் அக்கா. அவளின்ர மரத்தில கத்தி வைக்க விடமாட்டன்.”

“முழுக்க வெட்டேல்லை வசந்தி. கிழக்குக் கொப்பு அப்பிடியே நிக்கும். அது மரத்துக்குச் சாப்பாடு குடுக்கும். ஒட்டுப் பிடிச்சாப் பிறகுதான் அதையும் எடுப்பன்.”

“லெட்சுமியக்காக்குக் கைராசி இருந்தது. உங்களுக்கு...” என்று இழுத்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னதும் உண்மை. இத்தனை வருடமும் நீ வெட்டுவாய், நான் பொலித்தீன் சுற்றிக் கட்டுவேன். கத்தி என் கைக்கு வந்ததே இல்லை. அப்போது கீர்த்தனா குசினியிலிருந்து வந்தாள். “அம்மா, மரம் சோதினை எழுதாது. நான்தான் எழுதுவன். வெட்டட்டும்” என்றாள். சிரித்துவிட்டேன். வசந்தி சிரிக்கவில்லை, ஆனால் விலகி நின்றாள்.

ஆவணியில் வெட்டினேன். ஐப்பசி மழைக்குத் தளிர்கள் பென்சில் தடிப்புக்கு வந்துவிட்டன. உன் தாய்மரத்தில் ஏணி வைத்து ஏறி, ஒட்டுக்கு மேலே நிற்கிற கொப்பில் மட்டும் வெட்டி, வாழை மடலில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் ஒட்டினேன். முதலில் ஒட்டியவை கறுத்து உதிர்ந்தன. வசந்தி தேத்தண்ணி தந்தாள். திரும்பவும் போய் ஒட்டினேன். போன கிழமை பொலித்தீனை அவிழ்த்தபோது, செம்பு நிறத்தில் இரண்டு இலை.

“உங்களுக்கும் கைராசி இருக்கு அக்கா” என்றாள் வசந்தி.

“கையில ஒண்டுமில்லை. கொப்பு சரியான கொப்பு. அது லெட்சுமி வளத்த மரத்தின்ர கொப்பு” என்றேன்.

இனி மற்ற வீடுகள். ஓமந்தையில் ஒன்று நிற்கிறது. பூநகரிக்கு நீ பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனாயே, அதுவும் நிற்கிறது. பஸ் கிடைக்காவிட்டால் கிடைக்கும்வரை நிற்பேன். உன் புளிமாக்கிளையை அடியோடு எடுத்துவிட்டேன். இனி யாரும் அதில் கைவைக்க முடியாது. யாருக்கு ஒட்டிக் கொடுத்தாலும், கொடுக்கும் முன் இலையைக் கசக்கி அவர்களையும் மணக்கச் சொல்கிறேன். இப்படிச் செய்திருந்தால் உன் கைராசிக்கு என்ன குறைந்திருக்கும், சொல்லு?

பரமேசுவின் மகளுக்கும் நீ ஒன்று கொடுத்திருக்கிறாய். அவர்கள் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே போனேன். பரமேசு முற்றத்தில் நின்று என்னையும் கத்தியையும் பார்த்தாள். கதிரையை மரத்துக்குக் கீழே இழுத்துப் போட்டு, ஏறி, வெட்டினேன். அதிலும் தளிர் வந்துவிட்டது. அடுத்த மழைக்கு ஒட்டுவேன். காய்க்க மூன்று வருடம் ஆகுமோ, நாலு ஆகுமோ, நான் இருப்பேன். முதல் பழத்தை நானே அரிந்து பரமேசுவின் கையில் கொடுப்பேன். அவள் தின்று முடிக்கட்டும். இது ஆர் தந்த மரம் என்று கேட்பேன். உன் பெயர் அவள் வாயால் வரும்வரை அந்த முற்றத்தை விட்டு வரமாட்டேன்.

உன் மச்சாள்,
யோகராணி