வெள்ளிக்கிழமைத் தோழி

தோஹா
8 ஜூன் 2012

பாசமுள்ள மகள் ஜெனிலாவுக்கு அப்பா எழுதுவது.

இயேசுவுக்கே புகழ்! இங்கே நான் சுகம். வெயில்தான் ஆளை வறுக்கிறது. ரசலையன் மாமா லீவில் வருகிறார். நீ கேட்ட லேப்டாப்பை அவரிடம் கொடுத்துவிட்டேன், இந்தக் கடிதமும் அந்தப் பெட்டியில்தான் இருக்கும். பிளஸ் ஒன் படிப்புக்கு வாங்கியது, நினைவிருக்கட்டும்.

ஃபேஸ்புக் வேண்டாம் என்றால் நீ கேட்கப்போவதில்லை. பெயரையும் படத்தையும் நம்பாதே. ஆள் எந்த நேரத்தில் வருகிறான், சொல்கிற வேலைக்கு அது பொருந்துகிறதா என்று பார். பொய் சொல்கிறவன் அங்கேதான் மாட்டுவான். அம்மாவோடு சண்டை போடாதே.

முத்தங்களுடன்
அப்பா ததேயுஸ்


கருங்கல்
14 அக்டோபர் 2012

அப்பாவுக்கு,

ஃபோனில் உங்கள் குரலைக் கேட்க எனக்கு மனமில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஃபேஸ்புக்கில் ஸ்மிதா என்று ஒரு தோழி இருந்தாள். நாகர்கோவிலில் பிளஸ் ஒன் படிக்கிறேன் என்றாள். நான் கணக்கில் தோற்றபோது, "போட்டும் மக்கா, அடுத்த பரீட்சை இல்லியா?" என்று தேற்றியவள். டியூஷனுக்கு வரும் சிஜோவைப் பிடிக்கும் என்று அவளிடம் மட்டும்தான் சொன்னேன். மறுநாளே அம்மா, "ஏட்டி, இனி டியூஷனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று நிறுத்திவிட்டாள்.

பிறகு நீங்கள் சொன்னபடி அவள் எழுதிய நேரங்களைப் பார்த்தேன். மற்ற நாளெல்லாம் ராத்திரி வருகிறவள், வெள்ளிக்கிழமை மட்டும் காலையிலிருந்தே எழுதியிருக்கிறாள். நாகர்கோவிலில் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு, அப்பா? தோஹாவில் உங்களுக்குத்தானே அன்று லீவு? அம்மாவிடம் கேட்டேன். "அப்பாதான்" என்று ஒத்துக்கொண்டாள்.

நான் ஒருத்திதான் பைத்தியக்காரி. நான் அழுததையெல்லாம் படித்துவிட்டு, ஃபோனில் "என்ன விசேஷம் மக்களே?" என்று ஒன்றும் தெரியாதவர்போல எப்படிக் கேட்டீர்கள்? ஃபேஸ்புக்கை மூடிவிட்டேன்.

ஜெனிலா


தோஹா
2 நவம்பர் 2012

என் தங்கமே,

பிள்ளை கிணற்றில் விழட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டிருக்கச் சொல்கிறாயா? யார் யார் வீட்டுப் பெண்பிள்ளைகளின் படத்தையோ பார்த்து, நாங்கள் தங்கியிருக்கும் இந்தக் கேம்பில் சிரிக்கிறார்கள். அதைப் பார்த்துப் பயந்துதான் செய்தேன்.

வேவு பார்க்கத்தான் தொடங்கினேன், அதை இப்போது மறைக்கவில்லை. பிறகு வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருந்தேன். அப்பாவிடம் உனக்கு "உம்" என்ற ஒரு பேச்சுதான். ஸ்மிதாவிடம் எவ்வளவு பேசினாய்! எனக்கும் அப்பாவாக இருந்து அப்படித் தேற்ற வரவில்லை.

மன்னித்துவிடு மக்களே. இனி உன்னை ஒளிந்து பார்க்கமாட்டேன். டியூஷனுக்குப் போ, அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீயாக என்னிடம் பேசினால் போதும். ஒரு வரியாவது எழுது.

அப்பா


கருங்கல்
12 டிசம்பர் 2012

அன்புள்ள ஸ்மிதாவுக்கு,

உனக்கு வேறு விலாசம் கிடையாது என்று தெரியும். அதனால் அப்பாவின் விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

ஒருவன் என் பழைய படத்திலிருந்து முகத்தை வெட்டி, அசிங்கமான ஒரு படத்தில் ஒட்டி, மெயில் அனுப்பி மிரட்டினான். எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ இருந்திருந்தால் முதலில் உன்னிடம்தான் ஓடி வந்திருப்பேன். ராகேல் டீச்சரிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். ஆள் பிடிபட்டுவிட்டான், பயப்பட ஒன்றுமில்லை.

"அப்பாட்ட சொல்லலியா பிள்ளே?" என்று ஸ்டேஷனில் கேட்டார்கள். கூப்பிட்டேன், லைன் கிடைக்கவில்லை என்றேன். பொய்தான். நான் கூப்பிடவே இல்லை.

ஜெனிலா