மாரியாயி அக்கா ஏறிய நான்கு படிகள்

ஜூலை 8, செவ்வாய்

விடாத மழை. க்யிம்யிண்டைங் சந்தைப் பக்கம் கணுக்கால் வரை தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வேலைக்கு.

பிசியோதெரபி மையத்தில் இன்று மறுசான்று வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இன்னாருக்குச் சிகிச்சை தொடர வேண்டும் என்று நாங்கள் எழுத, டாக்டர் கையெழுத்திட, செலவைத் தரும் அறக்கட்டளை ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையேல் நின்றுவிடும். புது மென்பொருளில் ஏதாவது விட்டுப்போனால் சிவப்புக் கோடு வரும். சிவப்பு இல்லையென்றால் தவறே இல்லை என்கிறாள் அலுவலகத்து மா ந்வே. எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. என் பட்டியல்:

– கெடுவுக்கு முன்
– டா. கையெழுத்து
– அளவுகள் புதிதாக; பழையதை நகலெடுக்கக் கூடாது
– இன்னும் என்ன முடியவில்லை

ஏழு கோப்பு. சிவப்பு எதுவும் இல்லை. அதற்குள் சோறு ஆறிப்போனது.

ஜூலை 10, வியாழன்

ஆறு சரி. மாரியாயி அக்காவுடையது மட்டும் திரும்பி வந்தது. பக்கவாதம், இடது கால். நகரின் வடகோடி ஷ்வேப்யிதாவிலிருந்து மகள் சந்தாவோடு பஸ்ஸில் வருபவர். காரணம்: 'இலக்கை எட்டிவிட்டார். இனிச் சிகிச்சை தேவையில்லை.'

திறந்து பார்த்தேன். ஆறு வாரமாக என் எழுத்துதான். வலி: இல்லை. படி ஏறுதல்: சிரமமில்லை. கேட்டேன், சொன்னார், எழுதினேன். ஒரு நாளும் ஏறச் சொல்லிப் பார்க்கவில்லை. எங்கள் அறை தரைத்தளம்.

சந்தாவுக்குப் போன் செய்தேன். எல்லோரையும் போல அவளுக்கும் நான் 'சயாமா', டீச்சரம்மா.

"படியா? நானும் பக்கத்து வீட்டுக்காரரும் தூக்கித்தான் எறக்கறோம் சயாமா. முடியலன்னா உங்க மனசு நோகுமாம். அம்மாவுக்கு அனாடே."

அனாடே. பிறரைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று தன் சங்கடத்தை விழுங்கிக்கொள்ளும் பர்மியக் கூச்சம். இங்குள்ள எங்கள் தமிழ் ஆட்களுக்கும் ஊறிவிட்டது. இதே ஊரில் பிறந்தவள், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெட்கம்.

மறுபரிசீலனை கேட்க நாளை மாலை வரை.

ஜூலை 11, வெள்ளி

பின்வாசல். நான்கு படி. டாக்டரும் வந்து நின்றார். அக்காவிடம், எனக்காக நன்றாகச் செய்ய வேண்டாம், வீட்டில் எப்படியோ அப்படியே போதும் என்று இரண்டு முறை சொன்னேன். தலையாட்டினார்.

கம்பியைத் தொடாமல் நான்கும் ஏறினார். உதடு வெளுத்துவிட்டது. மேலே நின்று சிரித்தார்.

"பேப்பர் திரும்பிருச்சாமே. என்னால சயாமா பெயிலாகலாமா?"

என் பரீட்சை என்று நினைத்திருக்கிறார்.

இறங்க முடியவில்லை. பத்து நிமிடம் அங்கேயே. பிறகு நானும் சந்தாவும் தூக்கி இறக்கினோம். தொடை என் கைக்குள் நடுங்கிக்கொண்டே இருந்தது.

மென்பொருளில் ஏறுவதற்குக் கட்டம் உண்டு. இறங்குவதற்கு இல்லை. ஏறியதை மறைத்தால் பொய். 'உதவியின்றி' என்று குறித்தேன். இறங்க முடியாததைக் குறிப்புப் பகுதியில் ஏழு வரி. டா. கையெழுத்து. சிவப்பு இல்லை. மின்சாரம் போவதற்குள் அனுப்பியாயிற்று.

ஜூலை 15, செவ்வாய்

வெயில். புழுக்கம். குடை வீண்.

காலையில் பதில். 'படி ஏறுதல்: உதவியின்றி. முந்தைய முடிவில் மாற்றமில்லை.' குறிப்பைப் படித்தார்களா? அந்தப் பகுதி அங்கே போய்ச் சேருமா என்பதே மா ந்வேக்குச் சந்தேகம். இதை இன்று சொல்கிறாள்.

போன் செய்ய எடுத்தேன். அதற்குள் இருவரும் வந்துவிட்டார்கள். பத்து மணி, அவர்கள் நேரம்.

சந்தாவை வராந்தாவுக்கு அழைத்துச் சொன்னேன். அழவில்லை. வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளைப் பர்மிய மொழியில் எழுதித் தரச் சொன்னாள். தமிழ் வாசிக்கத் தெரியாது. ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். அம்மாவிடம் தானே மெதுவாகச் சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள்.

உள்ளே அக்கா புதுப் பர்மிய லுங்கி கட்டி, கட்டில் விளிம்பில், காலை நீட்டித் தயாராக.

"பாஸா, சயாமா?"

"பாஸ்தாங்க்கா" என்றேன்.